வடக்குக் கொக்கியில் மாட்டிய கம்பி

அங்கமுத்துவுக்கு விமானம் என்றால் பயம். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவனுடைய வேலையே விமானத்தைப் பழுது பார்ப்பதுதான். தரையில் நிற்கும் விமானத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டு, முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டு நாள் முழுக்கக் கிடப்பான். அதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. அதே விமானம் இன்ஜின் போட்டு உறுமத் தொடங்கிவிட்டால் இருபதடி தள்ளிப்போய் நின்றுகொள்வான். அது மேலே எழும்பும்போது குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்வான். பார்க்கமாட்டான்.

சண்டைக் காலம் அது. 1944-ஆம் வருஷம், ஆடி மாதம். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே கள்ளியும் முள்ளும் மண்டிக் கிடந்த ஒரு கரம்பைத் திருத்தி, பையன்களுக்கு விமானம் ஓட்டப் பழக்குவதற்காகச் சர்க்கார் ஒரு திடல் போட்டிருந்தது. ஒரு செம்மண் ஓடுபாதை, தகர ஷெட் ஒன்று, ஆபீசர்களுக்கு நாலைந்து கூடாரம், துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள் ஆறு. அவ்வளவுதான் மொத்தமும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த முள்ளை வெட்ட வந்த கூலி ஆட்களில் ஒருவன் அங்கமுத்து. அவன் அப்பனும் பாட்டனும் பண்ணை வேலை பார்த்தே காலத்தைக் கழித்தவர்கள். சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது. திடல் போடும்போது ஒரு நாள் ரோலரை இழுக்கும் இரும்புக் கயிறு அறுந்துபோயிற்று. புதுக்கயிறு திருச்சியிலிருந்து வர நாலு நாளாகும் என்று வெள்ளைக்கார சார்ஜன்ட் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அங்கமுத்து அந்த இரும்புக் கயிற்றின் புரிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துப் பின்னி, வெயில் ஏறுவதற்குள் ஒட்டுத் தெரியாமல் சேர்த்துக் கொடுத்தான். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக் கிணற்று வடங்களை அறுந்த இடத்தில் பின்னிப் பின்னிப் பழகிய கை. சார்ஜன்ட் மறுநாளே அவனை ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டார். முப்பது வயதுக்கு மேல் அவனுக்குக் காக்கி டவுசரும் ஒரு நம்பரும் கிடைத்தன. அவன் பெண்சாதி பஞ்சவர்ணம் அந்த டவுசரைத் துவைத்துக் காயப்போடும்போது தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்வாள்.

விமானத்தில் பைலட் உட்காரும் குழியில் சாமான் அதிகம் கிடையாது. இரண்டு கால்களுக்கு நடுவே தரையிலிருந்து எழும்பி நிற்கும் ஒரு குச்சி. பாதத்துக்கு ஒன்றாக இரண்டு மிதிகள். இடது கைக்கு, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடி. குச்சியை முன்னால் தள்ளினால் விமானத்தின் மூக்கு கீழே போகும், பின்னால் இழுத்தால் மேலே வரும். மிதித்தால் வால் திரும்பும். ஆனால் மாட்டுவண்டியைத் திருப்புவதுபோல வெறுமனே அதைத் திருப்பிவிட முடியாது. வேகமாக வரும் சைக்கிள்காரன் வளைவில் சாய்வதுபோல அதுவும் சாய்ந்துதான் திரும்பும். அந்தச் சாய்வுக்காகக் கீழ் இறக்கைகளின் நுனியில், பக்கத்துக்கு ஒன்றாக, கீல் வைத்த பலகைகள் உண்டு. குச்சியை இடது பக்கம் சாய்த்தால் இடது பலகை மேலே எழும்பும், வலது பலகை கீழே இறங்கும். எழும்பிய பலகையைக் காற்று அமுக்கும், இறங்கிய பலகையைக் காற்று தூக்கிவிடும். விமானம் இடது பக்கம் சாயும். இதற்குமேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. குச்சிக்கும் பலகைக்கும் நடுவே ஓடுவது விரல் தடிமன்கூட இல்லாத இரும்புக் கம்பிகள். அந்தக் கம்பிகள்தான் அங்கமுத்துவின் பொறுப்பு.

அந்தத் திடலில் ஒரு வழக்கம் இருந்தது. கம்பியில் எவன் கை வைத்தானோ, அவன் அந்த விமானத்தின் முதல் ஓட்டத்தில் பைலட்டோடு கூடவே மேலே போக வேண்டும். மாட்டியவன் உயிரும் சேர்ந்து தொங்கினால் ஒழுங்காக மாட்டுவான் என்பது சார்ஜன்ட்டின் கணக்கு. நியாயமான கணக்குதான். இரண்டு வருஷத்தில் ஏழு முறை அவன் முறை வந்தது. ஏழு முறையும் தப்பித்தான். ஒரு தடவை வயிற்றுவலி, ஒரு தடவை கண்வலி, ஒரு தடவை பஞ்சவர்ணத்துக்குப் பிரசவம். மற்றத் தடவைகளில் கூட வேலை பார்த்த தங்கராசு அவனுக்குப் பதிலாக ஏறினான். அதற்கு ஈடாகத் தன் பங்கு சிகரெட்டையும் ஞாயிற்றுக்கிழமை லீவையும் அவனுக்கு விட்டுக்கொடுத்தான் அங்கமுத்து. தங்கராசு மேலே போய்வருவதை ரங்கராட்டினம் ஏறுவதுபோல ரசித்தான். ஷெட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பிளேன் சத்தம் கேட்டாலே அங்கமுத்துவுக்கு வெளிக்கு வந்துவிடும் என்று அவன் காதுபடவே பேசுவார்கள். அவனும் சேர்ந்து சிரித்து வைப்பான். வேறென்ன செய்வது?

எட்டாவது முறை வந்தது.

ஒரு விமானத்தில் குச்சியின் அடியிலிருந்து போகும் கம்பி ஒன்று நைந்துபோயிருந்தது. வியாழக்கிழமை காலை அங்கமுத்து குழிக்குள் குப்புறப் படுத்து, அடிப்பலகையைக் கழற்றினான். குச்சியின் அடியில் இரண்டு கொக்கிகள். இரண்டு இறக்கைகளிலிருந்தும் வரும் கம்பிகள் உருளைகளில் சுற்றி, ஒரே இடத்தில் அடுத்தடுத்து வெளிவரும். எந்தக் கம்பி எந்தக் கொக்கிக்கு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அவன் மறக்கிறவனும் இல்லை. நைந்ததைக் கழற்றிவிட்டுப் புதுக்கம்பி கோத்தான். மற்றதையும் கழற்றித் துடைத்தான். புதுக்கம்பி வடக்குக் கொக்கிக்கு, பழையது தெற்குக் கொக்கிக்கு என்று வாய்விட்டு ஒரு முறை சொல்லிக்கொண்டான்.

இடது, வலது என்று அவன் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் யாரும் சொல்லமாட்டார்கள். இலையில் உப்பை வைக்கச் சொன்னால்கூட வடக்கே தள்ளி வை என்பார்கள். படுத்திருக்கும் பிள்ளையை மேற்கால நகர்ந்து படு என்பார்கள். கண்ணைக் கட்டி எங்கே கொண்டுபோய் விட்டாலும் அங்கமுத்துவுக்குத் திசை தெரியும். ஷெட்டில் விமானங்கள் எப்போதும் வாசலைப் பார்த்து, மூக்கு கிழக்கே இருக்கத்தான் நிற்கும். ஆகவே இரண்டு வருஷமாக அவனுடைய வடக்கும் தெற்கும் அவனை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

இரண்டையும் மாட்டாமலே விட்டு, மதியம் கஞ்சி குடிக்கப் போனான். அந்த நேரம் பார்த்து ஆடிக்காற்று சுழற்றியடித்து, வாசல் வழியாகப் புழுதியை அள்ளி உள்ளே கொட்டியது. திறந்து கிடந்த இன்ஜினில் மண் விழுந்துவிடும் என்று நாலு பேர் சேர்ந்து விமானத்தை வெளியே தள்ளி, திருப்பி, மூக்கு மேற்கே பார்க்க உள்ளே நிறுத்திவிட்டார்கள். அங்கமுத்து திரும்பி வந்தான். விமானம் திரும்பி நிற்பதைப் பார்க்கவும் பார்த்தான். புழுதிக்காகத் திருப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே குழிக்குள் இறங்கினான். புதுக்கம்பியை வடக்குக் கொக்கியில் மாட்டினான். பழையதைத் தெற்குக் கொக்கியில் மாட்டினான். முறுக்கிப் பூட்டினான். வேலை சுத்தம்.

தங்கராசு குழியில் உட்கார்ந்து குச்சியை இப்படியும் அப்படியும் அசைத்தான்.

"ஆடுதா?"

"நல்லா ஆடுது" என்றான் வெளியே நின்ற அங்கமுத்து.

ஆடுகிறதா என்றுதான் இருவரும் பார்த்தார்கள். எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பைலட் வந்தார். பெயர் வைரக்கண்ணு. உடையார்பாளையம் பக்கத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். திருச்சியில் காலேஜ் படித்துவிட்டு விமானம் ஓட்டப் பழகியவர். இருபத்து மூன்று வயது. குணம் தங்கம்தான், ஆனால் நாலு பேர் கூடியிருந்தால் யாரையாவது கிண்டல் பண்ணாமல் அவரால் இருக்க முடியாது.

"என்ன அங்கமுத்து, இன்னிக்கு என்னா வலி? வயிறா, கண்ணா? இல்ல உனக்கே பிரசவமா?"

ஷெட்டே சிரித்தது. தங்கராசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அங்கமுத்துவுக்கு முகம் எரிந்தது. உண்மையில் அன்று காலை அவனுக்கு நிஜமாகவே வயிறு சரியில்லை. அதை யாரிடம் சொல்வது? பஞ்சவர்ணம் விடிந்ததும் விடியாததுமாகச் சிறுவாச்சூர்க் காளியைக் கும்பிடக் கிளம்பியிருந்தாள். பாதி வழி போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் இல்ல சார். ஏறுறேன்."

முன்குழி அவனுக்கு, பின்குழி பைலட்டுக்கு. இரண்டு குழியிலும் குச்சியும் மிதியும் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். தோலில் தைத்த தொப்பியை மாட்டி, பின்குழியிலிருந்து வரும் ரப்பர்க் குழாயை அதன் காதில் சொருகிவிட்டார்கள். பேசுவதற்கு வாயருகே இன்னொரு குழாய். வார்களை இழுத்துக் கட்டியபோது அவனுக்கு மூச்சே பாதியாகிவிட்டது. தங்கராசு முன்னால் நின்று, விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைப் பிடித்துச் சுழற்றிவிட்டான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. விமானம் முழுவதும் நடுங்கியது, அவனும் நடுங்கினான். எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

ஓடுபாதையின் கோடியில் போய், காற்றை எதிர்த்து மூக்கு மேற்கே இருக்க நின்றார்கள். வைரக்கண்ணு வழக்கம்போல ஒரு முறை குச்சியை ஆட்டிப் பார்த்தார். அங்கமுத்துவின் கால்களுக்கு நடுவே குச்சி தானாகவே சாய்ந்து அவன் இடது முழங்காலில் இடித்தது. ஏதோ பேய் பிடித்து ஆட்டுவதுபோல இருந்தது. பயத்தில் தலையைத் திருப்பி அந்தப் பக்கத்து இறக்கையைப் பார்த்தான்.

நுனிப்பலகை கீழே இறங்கியது.

மேலே அல்லவா எழும்ப வேண்டும்? குச்சி அதற்குள் நடுவுக்கு வந்துவிட்டது. பலகையும் ஒன்றும் அறியாததுபோல மட்டமாக நின்றது. சரியாகத்தான் பார்த்தோமா? பயந்தவன் கண்ணுக்கு எதுதான் கோணலாகத் தெரியாது? அவன் தன் இடது பக்கம் எந்தத் திசை என்று பார்த்தான். தெற்கு. நேற்று மதியம் விமானம் இதே மாதிரி மேற்கே பார்த்து நின்றது. காலையில் கிழக்கே பார்த்து நின்றது. காலையில் வடக்குக் கொக்கி என்று சொன்னது இந்தப் பக்கத்துக் கொக்கி. மதியம் வடக்கில் மாட்டியது அந்தப் பக்கத்துக் கொக்கியில்.

இரண்டு கம்பியும் இடம் மாறிக் கிடக்கின்றன.

வாயருகே குழாய் இருந்தது. "நிறுத்துங்க சார்" என்று இரண்டு சொல் போதும். சொன்னால் என்ன ஆகும்? இன்ஜினை நிறுத்துவார்கள். எல்லோரும் ஓடி வருவார்கள். எட்டாவது தடவையும் தப்பிக்கப் பார்க்கிறான், இந்தத் தடவை கம்பியைச் சாக்குச் சொல்கிறான் என்று திடல் முழுக்கச் சிரிப்பார்கள். ஒருவேளை இறங்கிப் பார்த்து எல்லாம் சரியாகவே இருந்துவிட்டால்? அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் தலை நிமிர முடியுமா? வாயைத் திறந்தான். சொல்லை மென்று விழுங்கினான்.

இன்ஜின் அலறியது. விமானம் ஓடத் தொடங்கியது.

அந்த ஓட்டத்தில் அவன் செத்துச் செத்துப் பிழைத்தான். இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. வால் தூக்கியது. சக்கரத்தின் தடதடப்பு நின்றுபோயிற்று. பருத்திக் காட்டின் மேட்டுவரிசை கீழே நழுவியது. ஐந்து பனை உயரம், பத்துப் பனை உயரம். ஒரு நிமிஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. தப்பாகத்தான் நினைத்துவிட்டோம் போல என்று அவன் மூச்சு விட்டான்.

அப்போது ஆடிக்காற்று ஒரு மொத்து மொத்தியது. இடது இறக்கை சாய்ந்தது. சாதாரணமாக நடப்பதுதான். வைரக்கண்ணு குச்சியை வலது பக்கம் சாய்த்தார். இடது இறக்கை நிமிர்ந்திருக்க வேண்டும். அது இன்னும் சாய்ந்தது. அவர் இன்னும் சாய்த்தார், அது இன்னும் சாய்ந்தது. குச்சி அங்கமுத்துவின் வலது முழங்காலை அழுத்திக்கொண்டு நின்றது. கீழே இருக்க வேண்டிய நிலம் தெற்கே செங்குத்தாக எழும்பி அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு கிணறு தெரிந்தது. கிணற்று மேட்டில் நின்ற ஒருத்தி குடத்தை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது.

அங்கமுத்து இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து நடுவுக்கு இழுத்தான்.

"கைய எடுடா! பைத்தியமா புடிச்சிருக்கு? எடுடா கைய!" காதுக்குழாயில் பைலட்டின் குரல் கிழிந்தது.

"கம்பி மாறிக் கெடக்கு சார்! நான்தான் மாத்தி மாட்டிட்டேன்! நீங்க சாய்ச்சா எதுத்தாப்புல போவுது! நடுவுல வுடுங்க சார், நடுவுல வுடுங்க!"

அப்படிக் கத்துகிற குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே தெரியவில்லை. பின்னாலிருந்து இழுக்கும் வலு சட்டென்று தளர்ந்தது. குச்சி நடுவுக்கு வந்தது. வைரக்கண்ணு வலது மிதியை மட்டும் மிதித்தார். மூக்கு வலப்பக்கம் நகர்ந்தது. நகரும்போது இடது இறக்கை வெளிவட்டத்தில் வேகமாக வீசி வந்து, அந்த வேகத்திலேயே மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தது. பூமி பூமியிருக்கும் இடத்துக்குப் போயிற்று.

குழாயில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அங்கமுத்து."

"சார்."

"மாத்திச் சாய்க்கணும்னு புத்திக்குத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குது. ஒரு வருசமா பழகுன கை. அடுத்த காத்து அடிச்சா தன்னால பழைய பக்கந்தான் போவும். நான் காலால மட்டும் ஓட்டிப் பாக்குறேன். நீ என்ன பண்றன்னா, குச்சி பக்கவாட்டுல அசையாம இறுக்கிப் புடிச்சுக்க. முன்ன பின்ன வுடு. பக்கத்துல மட்டும் வுடாத. நான் இழுத்தாலும் வுடாத. திட்டுனாலும் வுடாத. புரியுதா?"

"புரியுது சார்."

"பயமா இருக்கா?"

"ஆமாங்க சார்."

"எனக்கும்தான். புடி."

முழங்கால் இரண்டையும் குச்சிக்கு இருபுறமும் அண்டக்கொடுத்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, அங்கமுத்து பிடித்தான். திரும்பித் திடலுக்கு வர வேண்டும். சாயாமல் காலால் மட்டும் திருப்பும் விமானம் சறுக்கிக்கொண்டே அகலமாகத்தான் திரும்பும். மருதையாற்று மணல் கீழே வெளுப்பாக ஓடியது. தெற்கே எங்கோ ரயில் புகை. ஒவ்வொரு காற்றுக்கும் இறக்கை சாயும். ஒவ்வொரு சாய்வுக்கும் பைலட்டின் கை குச்சியை வெடுக்கென்று இழுக்கும். அங்கமுத்து மடக்கிப் பிடிப்பான். "வுடு" என்று ஒரு முறை அவர் தன்னை மறந்து கத்தினார். "வுட மாட்டேன் சார்" என்றான் அவன். அந்த மாதிரி வீட்டுப் பிள்ளை ஒருவரின் கையை மடக்கிப் பிடிக்க அவன் குடும்பத்தில் அதுவரை யாரும் பிறந்ததில்லை. இதெல்லாம் அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. பல் கிட்டித்துப்போய், கண்ணில் நீர் வழிய, காளியாத்தா காளியாத்தா என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பயம் ஒரு துளியும் குறையவில்லை. பயத்தோடேதான் பிடித்தான்.

ஓடுபாதை எதிரே வந்தது. இன்ஜின் சத்தம் தணிந்தது. குச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்து அவன் வயிற்றைத் தொட்டது. ஒரு சக்கரம் முதலில் இடித்து, விமானம் எகிறி, மறுபடி விழுந்து, கோணல்மாணலாக ஓடி, பாதையை விட்டு விலகிப் புல்லில் போய் நின்றது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். தங்கராசுதான் முதலில் வந்தான். அங்கமுத்துவின் விரல்கள் குச்சியை விட்டு வரவில்லை. தங்கராசு ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. கீழே இறக்கிவிட்டதும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வைரக்கண்ணு முகமெல்லாம் வெளிறிப்போய் வந்து நின்றார். கையில் பற்றவைக்காத சிகரெட் இருந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இவன் இல்லன்னா இந்நேரம் எங்க ரெண்டு பேரையும் கிணத்து மேட்டுல பொறுக்கிக்கிட்டு இருந்திருப்பீங்க. மேல போன நிமிசமே தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சான் பாருங்க. கண்டுபுடிச்சு ஒத்துக்கவும் செஞ்சான். இனிமே எவனும் இவனக் கிண்டல் பண்ணக் கூடாது, நான் உட்பட."

தங்கராசு அவன் முதுகில் தட்டினான். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அங்கமுத்து குடிக்கவில்லை. அந்தப் பாராட்டு, மேலே இருந்தபோது பட்ட பயத்தைவிட மோசமாக அவனை வாட்டியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அன்றைய தினத்திலிருந்து அவன் அந்தத் திடலின் வீரன். எல்லாம் அவனுக்குத் தெரிந்தது. இருந்தாலும் கிணற்று மேட்டில் குடத்தை இறக்கிவைத்த அந்தப் பெண்ணின் முகம் கண்ணை விட்டு அகலவில்லை. விழுந்திருந்தால் அவள் மேல்தான் விழுந்திருப்போம்.

"மேல போயி இல்ல சார்" என்றான்.

"என்னா?"

"கெளம்புறதுக்கு முந்தியே தெரியும். நீங்க குச்சிய ஆட்டும்போதே பலக எறங்குறதப் பாத்துட்டேன். கம்பி மாறிப்போச்சுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. சொல்லல."

வைரக்கண்ணு சிகரெட்டைக் கீழே போட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து அங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"ஏன் சொல்லல?"

"திரும்பவும் தப்பிக்கப் பாக்குறான்னு சிரிப்பீங்கன்னு..."

வாய்விட்டு அழுதான், முப்பத்து மூன்று வயது ஆள், அத்தனை பேர் முன்னால்.

வைரக்கண்ணு அவனுக்கு எதிரே புல்லில் குந்தி உட்கார்ந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "குச்சிய ஆட்டும்போது ரெண்டு ரெக்கையவும் திரும்பிப் பாக்கணும். அதான் சட்டம். நான் பாக்கல. நீ உள்ள நடுங்குறியான்னு உன் முதுகப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்." எழுந்துகொண்டார். "சார்ஜன்ட்கிட்ட மூணு பேரும் போவோம். நீ, நான், தங்கராசு. உள்ளத உள்ளபடி சொல்லிப்புடுவோம். அப்பறம் நீயே மாட்டு. நீயும் நானுமே ஏறுவோம்."

சார்ஜன்ட் மூவரையும் காய்ச்சி எடுத்தார். ஆளுக்குப் பத்து நாள் லீவை வெட்டினார். அங்கமுத்துவை வேலையை விட்டு நீக்கவில்லை. அதற்கப்புறம் 1946-இல் திடலை மூடும்வரை அவன் அங்கேதான் இருந்தான். பின்பு அரியலூர் ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை போட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, சாகும்வரை ஒரு தடவைகூட விருப்பத்தோடு உயரமான இடத்தில் ஏறாமல் வாழ்ந்து முடித்தான். கோயில் கோபுரத்தில் ஏறிப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் கூப்பிட்டால் கீழேயே நின்றுகொள்வான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியது அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வந்த திங்கட்கிழமைதான்.

திங்கட்கிழமை காலை அதே விமானம் அதே கோடியில் மேற்கே பார்த்து நின்றது. கம்பிகளை அங்கமுத்துதான் மாட்டியிருந்தான். வைரக்கண்ணு குச்சியை இடது பக்கம் சாய்த்து நிறுத்தினார்.

"சொல்லு."

"இடது பலக மேல சார். வலது பலக கீழ."

"இப்ப?"

"வலது மேல. இடது கீழ. சரியா இருக்கு சார்."

"போலாமா?"

ஷெட் வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். திருச்சியிலிருந்து வந்த பெரிய ஆபீசர் ஒருவர் ஜீப்பில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கமுத்து குழாயை வாயருகே இழுத்தான்.

"பயமா இருக்கு சார்."

"எதுனா தப்பாத் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல. ஆனாலும் இன்ஜின நிறுத்துங்க சார். எறங்கி இன்னொருக்கா பாத்துட்டு வந்துடறேன்."

இன்ஜின் நின்றது. விசிறி தளர்ந்து ஓய்ந்தது. அந்த அமைதியில் ஷெட் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரிப்பது தெளிவாகக் கேட்டது. அங்கமுத்து வாரை அவிழ்த்து, இறங்கி, இறக்கைக்கு அடியில் குனிந்தான். வடக்குப் பக்கம் போனான், தெற்குப் பக்கம் போனான். பலகைகளைக் கையால் தூக்கி இறக்கினான். அடிப்பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தான். ஜீப்பில் இருந்தவர் ஆரனை அழுத்தினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவசரப்படவும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி பூட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"எல்லாஞ் சரியா இருக்கு சார்."

"பயம்?"

"அது அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்" என்றார் வைரக்கண்ணு. தங்கராசுவைப் பார்த்து விசிறியைச் சுழற்றச் சொல்லிக் கையை அசைத்தார்.